கையில் 15,000 ரூபாய்: ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு எந்த விளம்பரம் தேறும்?

காங்கேயத்தில் என் மாமா மரச்செக்கு வைத்திருக்கிறார். இரண்டு செக்கு, உதவிக்கு ஓர் ஆள், முன்பக்கம் பத்துக்குப் பத்தில் ஒரு கடை. கல்லாவில் அத்தை. போன மாதம் ஒருவர் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டியிருக்கிறார். டிஜிட்டல் மார்க்கெட்டிங் பேக்கேஜ், மாதம் 15,000 ரூபாய், ஆறு மாத ஒப்பந்தம். மாதத்துக்கு 12 போஸ்டர், 4 ரீல்ஸ், ஃபேஸ்புக் பக்கப் பராமரிப்பு, வெப்சைட் இலவசம். மாமா அந்தத் தாளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, கையோடு போன் செய்தார். "மாப்ள, நீ இந்த வேலையிலதான இருக்கற. எடுக்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தைல சொல்லு."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய், கடை வாசலில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்குதான் இந்தக் கட்டுரை. உங்கள் கடை எண்ணெய்க் கடையாக இல்லாவிட்டாலும் கேள்விகள் இவையேதான். பதில்கள்தான் மாறும்.

முதலில் தாளைப் பற்றி. 12 போஸ்டர், 4 ரீல்ஸ் என்பதெல்லாம் அவர்கள் செய்யப்போகும் வேலையின் எண்ணிக்கை. எத்தனை லிட்டர் கூடுதலாக விற்கும் என்பதற்கு அதில் ஒரு வரி கூட இல்லை. அதை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை, யாராலும் தர முடியாது. ஆனால் யாரிடம் விற்கப் போகிறோம், அவர் எப்படி நம்மிடம் வருவார் என்ற கேள்வியாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. ஜவுளிக்கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் அதே தாளைத்தான் நீட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

காங்கேயத்தைச் சுற்றி கொப்பரை உலர்களங்களும் எண்ணெய் ஆலைகளும் எத்தனை என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். இந்த ஊரில் எண்ணெய் விற்பதென்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. ஆகவே உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்ப முடியாது. மாமாவின் கண் திருப்பூர் மேல். 25 கிலோமீட்டர் சொச்சம். பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பங்கள், வாடகை வீடுகள், எண்ணெய் ஆட்டிக்கொள்ள நேரமில்லாதவர்கள்.

எண்ணெய் வாங்குபவர்கள் மூன்று விதமாக வருகிறார்கள். தேவைப்பட்டுத் தேடி வருபவர் ஒருவர். சும்மா போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்டு ஆசைப்படுபவர் இன்னொருவர். ஏற்கெனவே வாங்கியவர் மூன்றாமவர். கூகுள் முதல் ஆளுக்கு, இன்ஸ்டாகிராம் இரண்டாம் ஆளுக்கு, வாட்ஸ்அப் மூன்றாம் ஆளுக்கு. இந்தப் பிரிவை மறந்துவிட்டு 'எதில் விளம்பரம் செய்வது நல்லது' என்று கேட்டால், கேட்பவர் எந்த ஆப்பை அதிகம் பார்க்கிறாரோ அதுதான் பதிலாக வரும்.

கூகுள் மேப்: காசு கேட்காத முதல் வேலை

கடை வாசலில் நின்றுகொண்டு என் போனில் 'செக்கு எண்ணெய்' என்று தேடினேன். மாமாவின் கடை வந்தது, ஆனால் கீழே. புள்ளி அடுத்த தெருவில் ஒரு மாவு மில் மேல் விழுந்திருந்தது. ஞாயிறு விடுமுறை, மேப்பில் ஞாயிறும் திறந்திருக்கும் என்று இருந்தது. இருந்த ஒரே போட்டோவில் புண்ணாக்கு ஏற்ற வந்த டெம்போவின் பின்பக்கம். யாரோ எப்போதோ சேர்த்துவிட்டுப் போன பக்கம் அது, உரிமை கோராமல் கிடந்தது. அதிலும் 11 பேர் விமர்சனம் எழுதியிருந்தார்கள். ஒருவர் மூன்று ஸ்டார் கொடுத்து, "எண்ணெய் அருமை. மூடிதான் லீக். வண்டி டிக்கி முழுக்க எண்ணெய்" என்று எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பதில் இல்லை. மாமாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. படித்துக் காட்டியதும் முகம் சுருங்கிப் போயிற்று.

மேப்பில் கடைக்கென்று இருக்கும் இந்தப் பக்கத்துக்குப் பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல், முற்றிலும் இலவசம் (2021 வரை அதன் பெயர் கூகுள் மை பிசினஸ்). இது நம் கடை என்று உரிமை கோரினால் இப்போது பெரும்பாலும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்: தெரு, பெயர்ப்பலகை, உள்ளே செக்கு, ஷட்டரைத் திறப்பது எல்லாம் ஒரே ஓட்டத்தில். கடையை யார் யாருக்குக் காட்டுவது என்பதற்கு கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் மாற்றலாம். சரியான வகை, சரியான நேரம், நல்ல போட்டோ, விமர்சனங்களுக்கு மரியாதையான பதில். பரிசு கொடுத்து விமர்சனம் வாங்குவதை கூகுள் விதிகளே தடை செய்கின்றன. 'அஞ்சு ஸ்டார் போட்டா அரை லிட்டர் ஃப்ரீ' என்ற யோசனை மாமாவுக்கு இருந்தது. வேண்டாம் என்றேன்.

இதன் குறை ஒன்று உண்டு. தேடுபவருக்குத்தான் இது தெரியும். திருப்பூரில் உட்கார்ந்து தேடுபவருக்கு திருப்பூர்க் கடைகளைத்தான் முதலில் காட்டும். ஏசி மெக்கானிக், பூட்டுக்குச் சாவி போடுபவர், பல் டாக்டர் மாதிரித் தொழில்களுக்கு மேப் ஒன்றே போதும். தேவை வந்த நிமிடமே தேடுவார்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுவார்கள். எண்ணெய்க்கு அது பாதி வழிதான். ஆனால் ஒரு மதிய வேலை, காசு இல்லை. இதைச் செய்யாமல் விளம்பரத்துக்குப் பணம் போடுவது, வாசல் பெருக்காமல் விருந்துக்கு அழைப்பது போல.

ரீல்ஸ்: கூட்டம் வரும், வண்டி நிற்காது

2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடையானது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து சின்னக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் யாராவது ஒருவர் 'ரீல்ஸ் போடுங்க' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். செக்கு சுற்றுவது கண்ணுக்கு அழகு, அதை மறுக்க முடியாது. எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டும்போது அந்தக் கருப்பு மினுமினுப்பு கேமராவுக்கென்றே பிறந்தது. மாமா பையன் போட்ட ஒரு ரீல் மற்றதை விடப் பல மடங்கு ஓடியிருக்கிறது. கமென்ட்டில் மலேசியாவிலிருந்து விலை கேட்கிறார்கள், துபாயிலிருந்து கேட்கிறார்கள், நாகர்கோவிலிலிருந்து கேட்கிறார்கள். அந்த வாரம் கடையில் கூடுதலாக விற்றது எவ்வளவு என்று அத்தையிடம் கேட்டேன். "அதெல்லாம் எப்பவும்போலத்தான் கண்ணு."

இதில் இன்ஸ்டாகிராம் மேல் தப்பில்லை. எண்ணெய் கனமான பொருள், ஒழுகும் பொருள், அடுத்த தெருவிலும் கிடைக்கும் பொருள். பார்த்து ரசிக்க நாடெங்கும் ஆள் இருக்கும், வாங்க முடிந்தவர் சுற்றுவட்டாரத்தில்தான் இருப்பார். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிறார். அவருக்கு இன்ஸ்டாகிராம்தான் கடையே. கண்ணால் பார்த்து முடிவு செய்யும் பொருள், ஒரு ஜாக்கெட்டுக்கு நல்ல தொகை, கூரியரில் போட்டால் உடையாது, ஒழுகாது. அவர் மேப்பைக் கவனிக்காவிட்டால் கூடப் பரவாயில்லை. அவருடைய வழியை மாமா பின்பற்றினால் மாமாவுக்குக் கிடைப்பது லைக்.

இன்ஃப்ளூயன்சரைக் கூப்பிட்டு வீடியோ எடுப்பது பற்றியும் பேச்சு வந்தது. பணம் வாங்கினாலும் சரி, ஐந்து லிட்டர் கேன் இலவசமாக வாங்கினாலும் சரி, அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. வீடியோ ஓட வேண்டும் என்ற ஆர்வத்தில் 'இந்த எண்ணெய் சாப்பிட்டா சுகர் குறையும்' என்று அவர் அடித்துவிடுவார். விற்பவர் மாமா, கேள்வி வந்தால் மாமாவிடம்தான் வரும். 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று பெருமையாகச் சொல்வதும் அப்படித்தான். தாவர எண்ணெய் எதிலுமே குறிப்பிடும்படி கொலஸ்ட்ரால் கிடையாது, ஆலை எண்ணெயிலும் கிடையாது.

காசு கொடுத்து விளம்பரம்: இரண்டாவது பாட்டிலைப் பொறுத்தது

இங்கேதான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் 'திருப்பூரைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர்' என்று வட்டம் போட்டுக்கொள்ளலாம். விளம்பரத்தைத் தொட்டால் நேராக வாட்ஸ்அப் பேச்சு திறக்கிற மாதிரி வைக்கலாம். ரீல்ஸில் இல்லாத கட்டுப்பாடு இது. ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அந்த இயந்திரம் தேடித் தரும். பதிவுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அவசரத்தில் அழுத்தி, லைக் வேண்டும் என்று விட்டுவிட்டால், லைக் போடும் பழக்கம் உள்ளவர்களாகப் பார்த்துக் கொண்டுபோய்க் காட்டும். அவர்களும் போடுவார்கள். மெசேஜ் வேண்டுமென்றால் மெசேஜ் என்றே கேட்க வேண்டும்.

சரி, கட்டுமா? ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்னால் கணக்குப் போட்டோம். எண்கள் எல்லாம் உத்தேசம். லிட்டருக்கு 40 ரூபாய் கையில் நிற்கிறது என்று வையுங்கள். விளம்பரத்தில் ஒரு விசாரணைக்கு 30 ரூபாய் ஆகிறது. ஐந்து பேர் விசாரித்தால் ஒருவர் வாங்குகிறார். அப்படியானால் ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க 150 ரூபாய். அவர் முதல் தடவை இரண்டு லிட்டர் வாங்கினால் நமக்கு 80. ஆக 70 ரூபாய் நஷ்டம்.

இதைக் கேட்டதும் மாமா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எதுக்கு மாப்ள இந்த வம்பு?"

அதே ஆள் மாதா மாதம் இரண்டு லிட்டர் வாங்கினால்? வருடத்துக்கு 24 லிட்டர், 960 ரூபாய். 150 போனால் 810 மிச்சம். இப்போது 100 புது ஆட்களை வைத்துப் பாருங்கள். அவர்களில் 30 பேர் நிலைத்தால் 24,300 ரூபாய், ஒரே தடவையோடு போன 70 பேரால் நஷ்டம் 4,900, மிச்சம் 19,400. பத்துப் பேர்தான் நிலைத்தார்கள் என்றால் மிச்சம் வெறும் 1,800. விளம்பரம் அதேதான், செலவும் அதேதான். யாருமே திரும்பி வராவிட்டால் 7,000 ரூபாய் கைவிட்டுப் போகும்.

ஆகவே எங்கள் ஒப்பீட்டில் கேள்வியே திசை மாறிவிட்டது. ஃபேஸ்புக்கா கூகுளா என்பதை விட, வந்தவர் இரண்டாம் முறை வர என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதுதான் பணத்தை முடிவு செய்கிறது. வந்தவரைத் தக்கவைக்க ஏற்பாடு இல்லாத கடை, விளம்பரம் கொடுக்கக் கொடுக்க வேகமாக நஷ்டப்படும்.

நல்லவேளை, எண்ணெய் தீரும் பொருள். நான்கு பேர் வீட்டில் மாதம் மூன்று நான்கு லிட்டர் ஓடும். பீரோ விற்பவருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

வாட்ஸ்அப்பும் தினக்காலண்டரும்

பக்கத்து மளிகைக் கடைகள் வருடா வருடம் சிவகாசியில் அடித்து வாங்கித் தரும் தினக்காலண்டரை நினைத்துப் பாருங்கள். நல்ல நேரம், ராகு காலம், கீழே கடை பெயர். சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவதற்கு வீட்டுக்காரரே அனுமதி தருகிறார், ஏனென்றால் அது அவருக்கு உதவுகிறது. தினமும் தாள் கிழிக்கும்போது கடை பெயர் கண்ணில் படுகிறது. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் வித்தையை நம் கடைக்காரர்கள் செல்போனுக்கு ரொம்ப முன்பே கற்றவர்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் 2018-இல் வந்தது. சின்னக் கடைக்கு அதுதான் இன்றைய தினக்காலண்டர். காட்டலாக்கில் விலையோடு பாட்டில்களைப் போடலாம். வாடிக்கையாளர் பெயரில் லேபிள் ஒட்டலாம்: 'மாதம் 5 லிட்டர்', 'நல்லெண்ணெய் மட்டும்'. கியூஆர் கோடு எடுத்து பாட்டிலில் ஸ்டிக்கராக ஒட்டலாம். எண்ணெய் அடியில் போகும்போது ஸ்கேன் செய்தால் 'எண்ணெய் வேண்டும்' என்ற வரி தயாராக எழுதப்பட்டுத் திறக்கும், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. எனக்கு இந்த ஸ்டிக்கர்தான் எல்லாவற்றிலும் பிடித்தது. விளம்பரம் போய்ச் சேர வேண்டிய இடம் அடுப்பு மேடை, பாட்டில் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது.

கட்டுப்பாடுகளும் உண்டு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர்தான். அதிலும் நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பலருக்கு இது குறையாகத் தெரிகிறது, எனக்கு நல்ல ஒழுங்காகவே படுகிறது. பதிந்து வைக்காதவர் கேட்காதவர். எங்கிருந்தோ எண்களை விலைக்கு வாங்கி மொத்தமாக அனுப்பினால், நாலு பேர் பிளாக் செய்து புகார் கொடுத்த பிறகு நம் எண்ணே முடங்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்டது. கேட்டு வாங்கிய எண், சம்மதித்த எண் என்ற பழக்கம் இப்போதே இருப்பது நல்லது. பெரிய அளவில் அனுப்ப, மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைக்கும் ஏபிஐ என்ற வழி இருக்கிறது, அதில் விளம்பரச் செய்தி ஒவ்வொன்றுக்கும் காசு. மாமாவுக்கு இப்போது அது தேவையில்லை.

அத்தை ஒரு பெரிய நோட்டும் போட்டுவிட்டார். பெயர், எண், என்ன வாங்கினார், எப்போது. போன் இருக்கும்போது நோட்டு எதற்கு என்று மாமா பையன் சிரித்தான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்துச் சுமார் ஆறு மணி நேரம் எழவில்லை. நமக்கு அது இரவு நேரம். பகலில் நடந்திருந்தால், வாடிக்கையாளர் எண்கள் தனியே கையில் இருந்தவர்தான் போன் போட்டு ஆர்டர் எடுத்திருப்பார். அந்த மூன்று செயலிகளும் ஒரே வீட்டுக்காரருடையவை. நாம் அங்கே வாடகைக்கு இருக்கிறோம்.

அமேசான் மாதிரி சந்தைகளைப் பற்றி மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், ஜிஎஸ்டி, லேபிளில் முகவரி, அளவு, தேதி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். அது எப்படியும் வேண்டும்தான். கமிஷன், அனுப்பும் செலவு போக லிட்டருக்கு 40 எங்கே நிற்கும் என்பது ஒன்று. வாங்கியவர் யார் என்று நமக்குத் தெரியாது என்பது அதை விடப் பெரிது. அவர் அமேசானின் வாடிக்கையாளர். அவரிடம் 'அடுத்த தடவை நேரா எங்களுக்கே போன் பண்ணுங்க' என்று சீட்டு வைப்பதையும் அங்கே அனுமதிப்பதில்லை. எங்கள் கணக்கு முழுக்க இரண்டாவது பாட்டிலில் நிற்கும்போது இது ஒத்துவராது. லேசான, உடையாத, நல்ல லாபம் நிற்கும் பொருளாக இருந்தால் நானே போகச் சொல்லியிருப்பேன். வெப்சைட்டும் அப்படித்தான், இப்போது போட்டால் யாரும் வராத கல்யாண மண்டபம். பேக்கேஜ்காரர் இலவசமாகத் தந்தாலும், வெப்சைட்டின் முகவரி (டொமைன்) யார் பெயரில் பதிவாகிறது என்று கேட்க வேண்டும். நம் பெயரில் இல்லாவிட்டால், ஒப்பந்தம் முடிந்த அன்று முகவரியும் அவரோடு போய்விடும்.

கடைசியில் இப்படிப் பிரித்தோம். மேப் வேலை செலவில்லாமல். விளம்பரம் ஒரு நாளைக்கு 150 ரூபாய், திருப்பூரில் இரண்டு பகுதிகளுக்கு மட்டும். மாதம் 4,500, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 5,310. சனிக்கிழமை ஒரே நடையில் அந்தப் பகுதிகளுக்கு டெலிவரி, மற்ற நாளில் கிடையாது. ஸ்டிக்கருக்குச் சுமார் 1,500. ரீல்ஸ் மாமா பையன் விருப்பம்போல, காசில்லாமல். பில் புத்தகத்தில் 'எப்படி வந்தாங்க' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். வருகிற ஒவ்வொருவரிடமும் அத்தை கேட்டு எழுத வேண்டும். முதல் நாள் எழுதியதைப் பார்த்தேன்: 'பக்கத்து வீட்டக்கா', 'பக்கத்து வீட்டக்கா', 'போர்டு பாத்து', 'தெரியல'.

"மிச்சம் எட்டாயிரம் இருக்குதே மாப்ள, அத எதுல போடறது?"

நான் போனை எடுத்து அந்த மூன்று ஸ்டார் விமர்சனத்தை மறுபடி காட்டினேன். மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் ஒட்டுகிற சின்ன சீலிங் மிஷின் கோயம்புத்தூரில் கிடைக்கும். மாமா அந்த ஆளுக்குப் பதில் எழுதச் சொன்னார், அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: "தப்பு எங்க மேலதானுங்க. மூடி மாத்தறோம். அடுத்த தடவ வந்தா வண்டிய நாங்களே தொடச்சுக் குடுக்கறோம்."